இரண்டாவது சாவி எங்கே?

விற்ற காரைத் திரும்பக் கொண்டுவாருங்கள், இலவசமாகப் பழுது நீக்கித் தருகிறோம் என்று தொலைபேசியில் கூப்பிடுகிறவளை உலகம் முதலில் திருடி என்றுதான் முடிவு செய்கிறது. முன்பின் அறியாதவரை அழைத்து, அவர் நன்மைக்காக அவரிடமே வசவு வாங்கும் பிழைப்பில் இருக்கும் வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பெண்கள் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற பின், செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. சாலை மேல் இருக்கும் ஒரு சர்வீஸ் சென்டரில் அழைப்புப் பணியில் சேர்ந்தேன். "சின்னப் பொண்ணுங்க பேசினா கட் பண்ணிடறாங்க டீச்சர். நீங்க பேசினா எழுந்து நிப்பாங்க" என்றார் முதலாளி. அவர் கணிப்பில் பாதி பலித்தது. எழுந்து நின்று கட் செய்தார்கள்.

விவகாரம் இதுதான். ஒரு குறிப்பிட்ட ரகக் காரின் ரிமோட் சாவியில், தூரத்திலிருந்தே எஞ்சினைக் கிளப்பி ஏசியை ஓடவிடும் பட்டன் ஒன்று உண்டு. சாவிக்குள் ஈரம் புகுந்தால், யாரும் தொடாமலே அந்தப் பட்டன் அமுங்கியதாகக் கார் எண்ணிக்கொள்ளும், எஞ்சின் கிளம்பிவிடும். திறந்தவெளியில் இது வேடிக்கை. மூடிய ஷெட்டில் அப்படியன்று. எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். ஆகவே காரையும் இரண்டு சாவிகளையும் ஒன்றாகக் கொண்டுவர வேண்டும் என்பது கம்பெனியின் உத்தரவு. ஒரு சாவி குறைந்தாலும் மாற்ற மாட்டார்கள்.

கேட்காத குற்றம்

கூடுவாஞ்சேரியில் ஒரு வங்கி ஊழியர். விவரம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, எவ்வளவு அனுப்ப வேண்டும் என்றார். ஒன்றும் வேண்டாம் என்றேன். கார்டு எண்? வேண்டாம். ஓடிபி வருமா? வராது, அப்படி ஏதேனும் வந்தாலும் என்னிடம் சொல்லாதீர்கள் என்று கண்டிப்பாகவே கூறினேன். பிறகு அவர் குரல் தாழ்ந்தது.

"பணமும் கேக்கல, ஓடிபியும் கேக்கலைன்னா, நீங்க ரொம்பப் பெரிய கும்பலா இருக்கணும்."

வெள்ளிக்கிழமைத் தலைவலி

கேளம்பாக்கத்துச் சேகர் சிறுசேரியில் கணினி வேலை செய்கிறவர், தன்மையாகப் பேசுவார். தம்முடைய கார் தானாகக் கிளம்புவதை ஒப்புக்கொண்டார். ஆனால் இருப்பது ஒரே சாவி. இன்னொன்று தொலைந்துவிட்டது என்றார். காரை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். வீட்டின் கீழ்த்தளத்தில், ஷட்டர் போட்ட ஷெட்டில். ஷெட்டை ஒட்டிய அறையில் யார் இருக்கிறார்கள்? மாடியேற முடியாத அப்பா. அந்த அறையின் ஒரே ஜன்னல் எங்கே திறக்கிறது? ஷெட்டுக்குள்.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காரைத் தெருவில் நிறுத்துங்கள் என்றேன். கீறல் விழும் மேடம் என்றார். விழட்டும் என்றேன். கையிலுள்ள சாவியின் பேட்டரியைக் கழற்றிவைக்கச் சொன்னேன், கழற்றினார். அடுத்த வாரம் விசாரித்தால், பேட்டரியே இல்லாதபோதும் வெள்ளிக்கிழமை காலையில் கார் கிளம்பியிருக்கிறது. அப்படியானால் தொலைந்த சாவி அந்த வீட்டிற்குள்தான் எங்கோ இருக்கிறது. காரைத் தெருவில் நிறுத்தினீர்களா? இன்னும் இல்லை. அப்பாவின் உடல்நிலை எப்படி என்று கேட்டேன். தலைவலி என்று படுத்திருக்கிறாராம். எத்தனை நாளாக என்றதற்குச் சேகர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அது வெள்ளிக்கிழமையானா வர்றதுதான் மேடம், அம்மா பூசைன்னாலே அவருக்குத் தலைவலி."

ஈரம் படக்கூடாது

மாமல்லபுரத்தில் ஒரு படகுக்காரர். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு கடலுக்குப் போய்வருவார். கரையேறும்போது, சவுக்குத் தோப்பில் நிற்கும் கார் அவரைக் கண்டதும் உறுமி, விளக்கைப் போட்டு, உள்ளே ஒருவருமில்லாமல் குளிர்ந்துகொண்டிருக்கும். நாய்கள் சுற்றி நின்று குரைக்கும். சர்வீஸ் சென்டருக்கு வரும்வரை சாவியில் ஒரு துளி ஈரம்கூடப் படலாகாது என்று ஆசிரியைக்குரிய கறாருடன் அறிவுறுத்தினேன்.

"இன்னாம்மா நீ, கடலுக்குப் போறவன்கிட்ட வந்து ஈரம் படாம வெச்சிக்கோன்றியே, மீனையும் ஈரம் படாமப் புடிச்சிக்கினு வரவா?"

பழுதைப் பிரிய மனமில்லாதவர்

கல்பாக்கத்தில் குடியிருக்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், ஆராய்ச்சித் துறையில் உயர்ந்த பதவியில் இருப்பவர். இரண்டு சாவிகளும் உள்ளன, வண்டியும் திறந்தவெளியில் நிற்கிறது, வரத்தான் மறுத்தார். அவர் வெந்நீரில் குளிக்கும்போது, குளியலறைக் கொக்கியில் தொங்கும் பேண்ட்டுப் பையிலுள்ள சாவி ஆவியில் நனைகிறது. வாசலில் கார் கிளம்புகிறது. அவர் தலைவாரி வெளியே வருவதற்குள் உள்ளே ஊட்டிக் குளிர். இது பழுது என்பதை அறிவியல் முறைப்படி அவருக்கு விளக்கினேன். அவரும் ஆமோதித்தார்.

"எல்லாஞ் சரிதானுங் மேடம், நீங்க சரி பண்ணிப்போட்டா நாளைக்கு அந்தப் பட்டனை நான்தானுங்களே அமுத்தோணும்?"

கேளம்பாக்கத்திற்கு நேரில்

அடுத்த வெள்ளிக்கிழமை விடிந்ததும், சர்வீஸ் சென்டர் வண்டியில் மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு சேகர் வீட்டுக்கு நானே போனேன். தொலைபேசியில் சொல்லிச் சொல்லி ஓய்ந்தாயிற்று. கார் அன்றும் ஷெட்டுக்குள்ளேதான் இருந்தது. ஷட்டர் இழுத்து மூடியிருந்தது. அதைத் தூக்கச் சொல்லி மெக்கானிக்கை அங்கே விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமைப் பூசை மனத்தில் உறுத்தியதால் சேகருடன் மாடியில் பூசை அறைக்குப் போனேன். சேகரின் தாயார் சரோஜா அம்மாள் தலை குளித்து, மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். படங்கள்மேல் தெளித்தார், குத்துவிளக்கின்மேல் தெளித்தார், சந்தனமும் குங்குமமும் அப்பிய ஒரு தட்டின்மேல் தாராளமாகத் தெளித்தார். கீழே எஞ்சின் கிளம்பியது. அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தீங்களா மேடம், நான் தீபம் காட்டறதுக்கு முன்னாடியே அது முழிச்சிக்கும்" என்றார் பெருமிதத்தோடு.

தட்டிலிருந்த குங்குமத்தை விரலால் விலக்கினேன். கார் வாங்கிய அன்று பூசை போட்டு வைத்த இரண்டாவது சாவி, கிழிந்த பிளாஸ்டிக் உறையுடன் அங்கே கிடந்தது. சேகர் தலையில் கைவைத்தார். "ஏம்மா, எத்தினி வாட்டி கேட்டேன், வண்டிச் சாவி எங்கேன்னு!" அம்மாள் அசரவில்லை. "நீ ஓட்ற சாவியக் கேட்ட. இது பூசையில வெச்ச சாவிடா. இத்த எவன் ஓட்றான்?"

அதற்குமேல் வாதாட நேரமில்லை. கீழே போய் எஞ்சினை நிறுத்தச் செய்து, பெரியவரை இரண்டு பக்கமும் தாங்கி வாசலுக்குக் கொண்டுவந்தோம். முகம் வெளுத்திருந்தது, நினைவு தெளிவாகவே இருந்தது. மருத்துவரிடம் அழைத்துப்போக ஆட்டோ வரும்வரை, இத்தனை வெள்ளிக்கிழமைகளாக அவர் தலை வலித்தது எஞ்சின் புகையால்தான் என்றும், பூசை நடக்கும்போதெல்லாம் வலித்ததற்குக் காரணம் அதுவே என்றும் எல்லோர் முன்னிலையிலும் விளக்கினேன். பெரியவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"இவ பூசை பண்ணாலே எனக்குத் தலை வலிக்குதுன்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்லிக்கினு கீறேன், இன்னிக்குத்தாம்மா படிச்சவங்க ஒருத்தர் நம்பனீங்க."

மாற்றுச் சாவி

பூசையில் வைத்ததைக் கொடுக்க முடியாது என்று சரோஜா அம்மாள் உறுதியாக நின்றார். கணவரா சாவியா என்று நான் கேட்டேன். யோசித்தார்; அந்த இடைவெளி சற்று நீளம் என்று சேகருக்கும் தோன்றியிருக்க வேண்டும். கடைசியில், புதிய இரண்டாவது சாவியை அதே தட்டில் வைக்கலாம், ஆனால் தண்ணீர் தெளிக்கக்கூடாது என்ற உடன்படிக்கையின்பேரில் பழையது கைக்கு வந்தது. அன்று மாலையே காரைச் சரிசெய்து, புதுச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மருத்துவமனையிலிருந்து திரும்பிய பெரியவர் வாசற்பக்கம் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். அம்மாள் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது தானாகக் கிளப்புமா என்றார். ஒருபோதும் கிளப்பாது என்று உறுதியளித்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

"அப்போ இத்த வெச்சிக்கினு எதுக்குப் பூசை பண்றது?"

புகை நின்றுவிட்டது என்றும், பெரியவரின் தலைவலி மட்டும் வெள்ளிதோறும் பூசை முடிந்த பிறகே தணிகிறது என்றும் சேகர் அண்மையில் தெரிவித்தார்; அதற்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்காது.