நான் ஜப்பானின் பிரதமராக இருந்த காலைப்பொழுது

கைபிடி வைத்த ஒரு கதிரைக்காக நான் ஒரு நகரத்தை எரியவிட்டிருக்கிறேன். நகரம் அட்டையில் வரைந்தது, கதிரை நிஜமானது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஹோட்டல் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "அண்ணை, உங்கட முதல் மூண்டு மாதம் எப்பிடிப் போச்சுது?" என்று கேட்கும்போதெல்லாம் சட்டி கழுவிய கதையைச் சொல்லி இதை மறைத்து வந்திருக்கிறேன். வெட்கம் கொஞ்சம் மரத்துப்போகும் வயது இப்போது வந்துவிட்டது. எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிட்சர்லாந்தின் சூக் நகரில் ஏரியைப் பார்த்தபடி நின்ற ஒரு ஹோட்டலில் நான் கசரோலியே. பெரிய சட்டி பானை கழுவுபவருக்கு சுவிஸ் சமையலறைகளில் அதுதான் பெயர். பிரெஞ்சில் கூப்பிட்டால் கையெரிச்சல் குறையும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். பக்கத்துச் சிங்கில் செல்லத்துரை அண்ணை. ஊரில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு. ஆனால் உலகத்தில் உள்ள எல்லோரையும் மிதிபலகையில் வழியை மறித்து நிற்கும் ஆட்களாகவே அவர் பார்ப்பார்.

வேலைக்கு எடுத்தால் முதல் மூன்று மாதம் பரீட்சைக் காலம். அது முடியும் நாளில் செஃப் ஒரு பேப்பரில் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் வேலை நிரந்தரம். வைக்காவிட்டால் அகதிகள் விடுதிக்குத் திரும்பிப் போய், காலை முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு முதலாளிக்காகக் காத்திருக்க வேண்டும். என் பேப்பரின் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. ஜப்பான் விழுந்ததும் அதே வெள்ளிக்கிழமைதான்.

படிவத்தில் ஒரு பொய்

வேலைக்கு விண்ணப்பித்தபோது "முன்னைய தொழில்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் "சரித்திர ஆசிரியர்" என்று எழுதியிருந்தேன். முழுப்பொய் இல்லை. ஒரு டியூட்டரியில் ஏழு மாதம் எட்டாம் வகுப்புக்குச் சரித்திரம் படிப்பித்திருக்கிறேன். ஆனால் பாடம் போர்த்துக்கீசர் கொழும்பில் இறங்குவதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு உலகத்தில் என்ன நடந்தது என்பது என் பாடத்திட்டத்துக்கு வெளியே.

அன்று காலை எட்டரைக்கு ஹோட்டல் டிரெக்டர் அம்மா எங்கள் கழுவல் அறைக்கு வந்தார். ஈரத் தரை என்று அந்தப் பக்கமே வராத மனிதர். மேல்மாடி மண்டபத்தில் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரிகளின் சங்கம் ஒன்று கூடியிருந்தது. இந்த நாட்டில் அதிகாரி என்றால், கிழமை நாட்களில் வங்கியிலோ மருந்து விற்கும் பாமசியிலோ இருப்பார், வருடத்தில் சில கிழமை சீருடை போடுவார். அணுகுண்டுப் பயம் எல்லோருக்கும் இருந்த காலம் அது. அவர்கள் ஒரு போர் விளையாட்டு ஏற்பாடு செய்திருந்தார்கள். உலகப்போரின் கடைசிக் கோடை. ஒரு மேசை அமெரிக்கா: குண்டு போடுவதா, படை இறக்குவதா, எதிரி பணியும்வரை காத்திருப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். மற்ற மேசை ஜப்பான்: பணிவதா, இல்லையா. ஜப்பானியப் பிரதமராக வர இருந்த பேராசிரியருக்குக் காய்ச்சல்.

"நீங்கள் சரித்திர ஆசிரியர்தானே?" என்று டிரெக்டர் கேட்டார். "ஆசியாக்காரரும்தானே?"

இரண்டாவது உண்மை. இங்கிலாந்திலிருந்து இரண்டு விருந்தினர் வந்திருந்ததால் விளையாட்டு ஆங்கிலத்தில் நடக்கும் என்றார். என் ஜெர்மன் அப்போது கரண்டி, முள்ளு, கத்தியைத் தாண்டாது. ஆங்கிலத்தில் நான் பெரிய வாய்க்காரன். "அந்தக் காலப்பகுதியைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன்" என்று சொன்னேன். இதுவும் உண்மைதான். வாசித்தவன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

செல்லத்துரை அண்ணை தண்ணீரை நிறுத்தாமலே சொன்னார்: "போ, போ. ஜப்பான்காரர் உன்னை நம்பித்தான் உயிரோட இருக்கினம்."

செஃப் கதவில் நின்றார். ஆறடி மனிதர், வெள்ளைத் தொப்பியோடு இன்னும் ஒரு அடி. அவர் பேசியதை எங்கள் தமிழில் தருகிறேன். மூலம் இதைவிட மரியாதையாக இருக்கவில்லை.

"பதினொண்டரைக்கு நீ இந்தச் சிங்குக்கு முன்னால நிக்க வேணும். பன்னிரண்டுக்குச் சூப். நிக்கேல்லையெண்டா அந்தப் பேப்பரை வேற ஆரிட்டையாவது குடுத்துக் கையெழுத்து வாங்கு."

கதிரை

நடுவர், தலை நரைத்த ஒரு கேர்னல். கையில் மணி. விதிகளை வாசித்தார். அரை மணித்தியாலம் ஒரு கிழமைக்குச் சமன். ஜப்பானிய சபையில் மூன்று பேர். மூவரும் ஒத்துக்கொண்டால்தான் சரணாகதி. யுத்தம் முடியும்வரை ஒருவரும் மண்டபத்தை விட்டு வெளியேற முடியாது.

"வெளிக்குப் போறதெண்டாலுமோ?" என்று யாரோ கேட்டார்.

"யுத்தம் முடிஞ்சாப் பிறகு."

என் வெளிநாட்டமைச்சர் ஒரு பாமசிக்காரர். என் இராணுவ அமைச்சர் காப்புறுதிக் கம்பனி மனேஜர். எனக்குக் காட்டிய கதிரைக்குக் கைபிடி இருந்தது, சிவப்பு வெல்வெட். மூன்று மாதமாக அந்தக் கட்டிடத்தில் நான் எங்கும் உட்கார்ந்ததில்லை, ஒரு கவிழ்த்த வாளியைத் தவிர.

ஒன்பது மணிக்கு அமெரிக்க மேசையிலிருந்து முதல் துண்டு வந்தது: நிபந்தனை இல்லாமல் சரணடையவும். எனக்கு நல்ல சந்தோஷம். ஒன்பதேகாலுக்குப் பணிந்தால் ஒன்பதரைக்குச் சிங்கடியில் நிற்கலாம். பாமசிக்காரர் உடனே சரி என்றார். இராணுவ அமைச்சர் தலையாட்டவில்லை.

"மிஸ்டர் பிரைம் மினிஸ்டர்," என்றார், "என்ர படைக்கு நான் என்ன சொல்லுறது?"

அந்த நேரம் பார்த்துப் பரிமாறும் பெண் எனக்குக் கோப்பி வைத்தாள். பக்கத்தில் ஒரு சின்னச் சொக்கிலேட். முதல்நாள் நான் துடைத்து அடுக்கிய கோப்பை. அதன் காதில் இருந்த சின்ன உடைவுகூட எனக்குத் தெரியும். அதில் குடிப்பேன் என்று நினைத்ததில்லை. வாழ்க்கையில் முதல்தடவை ஒருவர் என்னைப் பிரைம் மினிஸ்டர் என்கிறார். நான் கைபிடியில் முழங்கையை ஊன்றினேன்.

"இதை ஆழமாகப் பரிசீலிக்க வேண்டும்" என்றேன்.

ஆழமாகப் பரிசீலித்தோம். பத்து மணியானது. சக்கரவர்த்திக்கு ஒன்றும் செய்யமாட்டோம் என்று எழுதித் தந்தால் யோசிக்கலாம் என்று துண்டு அனுப்பினேன். என் ஆங்கிலத்தைப் பாமசிக்காரர் புகழ்ந்தார். அதனால் இன்னொரு துண்டு எழுதினேன். பத்தரையானது.

இடையில்தான் ஒன்றைக் கவனித்தேன். இராணுவ அமைச்சரின் காலடியில் ஒரு நீளக் குழாய் இருந்தது. கேட்டேன். ஜப்பானின் தென்கரை வரைபடமாம். எங்கு எங்கு அமெரிக்கன் இறங்குவான், எப்படி மறிப்பது என்று பன்னிரண்டு நிறப் பென்சிலால் வீட்டில் ஒரு மாதமாகத் தீட்டியிருக்கிறார். பின்னேரம் இரண்டு மணிக்கு அதை விரித்து அரை மணித்தியாலம் பேச வேண்டும். படையிறக்கம் நடக்காவிட்டால் குழாய் அப்படியே வீட்டுக்குப் போகும்.

அமெரிக்க மேசையில் நிலைமை வேறு. அங்கே நடுவில் ஒரு சிவப்பு என்வலப் இருந்தது. குண்டு. அச்சகத்தில் கொடுத்து அடித்து, மெழுகு முத்திரை வேறு வைத்திருந்தார்கள். அதை உடைக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. காத்திருக்கலாம், கடலை அடைத்தாலே ஜப்பான் களைத்துவிடும் என்று ஒரு ஆங்கிலேயர் நல்ல காரணங்களோடு சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஆட்டிக்கொண்டே என்வலப்பைப் பார்த்தார்கள்.

சமையலறைத் தூதர்

பதினொன்றேகாலுக்கு மண்டபக் கதவு திறந்தது. செல்லத்துரை அண்ணை. இடுப்புவரை நனைந்த ஏப்ரன், முழங்கைவரை சவர்க்காரம்.

"ஆர் இவர்?" என்றார் கேர்னல்.

"அரண்மனைத் தூதராக இருக்கலாம்" என்றார் பாமசிக்காரர். கேர்னல் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

அண்ணை தமிழில் தொடங்கினார். "என்ன, இன்னும் முடியேல்லையோ?"

"பேச்சு நடக்குது அண்ணை."

"சரணடையிறதுக்கு என்ன பேச்சு? கையைத் தூக்கினா முடிஞ்சுது."

"மூண்டு பேரும் ஓம் எண்டு சொல்ல வேணும்."

"நீ சொல்லிப்போட்டியோ?"

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கதிரையைப் பார்த்தார், பிறகு சொக்கிலேட் சுற்றிய தாள்களைப் பார்த்தார். மூன்று தாள்.

"விளங்குது," என்றார். "செஃப் மணிக்கூட்டைப் பாத்தபடி நிக்கிறார். ஏறுறதெண்டா ஏறு, இறங்கிறதெண்டா இறங்கு. நடுவில நிக்காதை." போய்விட்டார்.

கதவு சாத்திய சத்தத்தோடு மற்ற மேசையில் முத்திரை உடைந்தது. கேர்னல் எங்கள் மேசைக்கு வந்து, மேசையில் விரித்திருந்த விளையாட்டு அட்டையில் ஒரு நகரத்தின்மேல் கறுப்பு வட்டம் ஒன்றை வைத்தார். மணியடித்தார்.

"அந்த ஊரிலை சனம் எவ்வளவு?" என்று கேட்டேன்.

அவர் புத்தகத்தைப் பார்த்தார். "அது விளையாட்டுக்குத் தேவையில்லை."

மூன்று நாள் முன்புதான் ஊரிலிருந்து தங்கச்சியின் கடிதம் வந்திருந்தது. ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வளவில் வெட்டிய குழிக்குள் ஓடுகிறார்களாம். அப்படி ஒரு கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பவன் கறுப்பு வட்டத்தைக் கண்டதும் எழுந்து நின்றிருப்பான் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் நான் பேனையைத் திறந்து, அடுத்த துண்டை எந்தச் சொல்லோடு தொடங்கினால் கம்பீரமாக இருக்கும் என்று யோசித்தேன்.

"ஒரு நகரம்தானே," என்றார் காப்புறுதி மனேஜர். கால் குழாயைத் தொட்டபடி இருந்தது. "எங்களிட்டை வேற இருக்குது."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு ஏதோ செய்தது. அவர் சொன்னது பிழை என்பதால் இல்லை. நான் மனதுக்குள் வைத்திருந்த அதே கணக்கை அவர் சத்தமாகச் சொல்லிவிட்டார். பேனையை மூடினேன். "நான் சரணடைகிறேன்" என்றேன். பாமசிக்காரர் சரி என்றார். மனேஜர் மறுத்தார். மணி பதினொன்று இருபத்தெட்டு.

கெஞ்சினேன். மிரட்டினேன். வரைபடத்தை இப்போதே விரித்துக் காட்டுங்கள், எல்லோரும் கைதட்டுவோம் என்றேன். அது பின்னேர நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது என்றார். பதினொன்று முப்பத்தைந்து. என் பேப்பர் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. இருபது இலட்சம் படையை வைத்திருந்த பிரதமருக்கு ஒரு கதவைத் திறந்து வெளியேற அதிகாரம் இல்லை.

பதினொன்று நாற்பதுக்கு செஃப் நேரில் வந்தார். தொப்பி கதவு நிலையில் முட்டியது.

"இவர் என்னோட வாறார்."

"மூவரும் சம்மதிக்காமல் முடியாது" என்றார் கேர்னல்.

"சம்மதிக்காதவர் ஆர்?"

மனேஜர் கையை உயர்த்தினார். செஃப் அவரை உற்றுப் பார்த்தார். "காளான் இல்லாமக் கன்றிறைச்சி கேட்டது நீங்களோ?"

"ஓம்."

"அதைத் தனியாச் செய்ய வேணும். அதுக்கு எனக்குச் சட்டி வேணும். சட்டிக்கு இவர் வேணும்."

மனேஜர் வரைபடக் குழாயைப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். மற்ற மேசையில் இருந்தவர்களும் அவரையே பார்த்தார்கள், எல்லோருக்கும் பசி.

"ஜப்பான் பணிகிறது" என்றார். கேர்னல் மணியடித்தார். சூப் பன்னிரண்டுக்குப் போனது.

கையெழுத்து

இரண்டரைக்குக் கடைசிச் சட்டியும் அடுக்கில் ஏறியது. செஃப் என்னைக் கூப்பிட்டார். பேப்பர் உருக்கு மேசையில் கிடந்தது. ஈரக்கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"மேல போனது டிரெக்டரின்ர பிழை," என்றார். "நேரத்துக்கு வராதது உன்ர பிழை. டிரெக்டரைத் தண்டிக்க எனக்கு அதிகாரமில்லை. உன்னை மட்டும் தண்டிச்சா அது நியாயமில்லை." கையெழுத்து வைத்தார். மூலையில் ஒரு எண்ணெய்ப் பொட்டு. அந்தப் பேப்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பிள்ளைகளே, பாடம் என்று ஒன்று சொல்ல வேண்டும். பெரிய தீர்மானங்கள் பெரிய காரணங்களால் எடுக்கப்படுகின்றன என்று தடித்த புத்தகங்கள் சொல்லும். பெரிய காரணங்கள் மேசைக்கு மேலே இருக்கும். ஒருவர் என்வலப் அடித்துவிட்டார், உடைக்காமல் விட மனமில்லை. ஒருவர் வரைபடம் தீட்டிவிட்டார், சுருட்டி வைக்க மனமில்லை. ஒருவருக்குக் கதிரை பிடித்துவிட்டது. உங்கள் வேலையிடத்தில் எப்போதாவது ஏதாவது தீர்மானிக்கக் கூப்பிட்டால், முதலில் குனிந்து மேசைக்குக் கீழே பாருங்கள். பிறகு நீங்கள் எதில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

அன்று பின்னேரம் இதையெல்லாம் இன்னும் நீளமாகச் செல்லத்துரை அண்ணைக்கு விளக்கினேன். அவர் கடைசிவரை கேட்டார். துவாயைப் பிழிந்து கம்பியில் போட்டார்.

"நீ சொல்லுறது சரியாத்தான் இருக்கும் தம்பி," என்றார். "ஆனா காலமை முழுக்க நீ இல்லாமலே இங்க எல்லாம் கழுவி முடிஞ்சுது. செஃப் அதை இன்னும் யோசிக்கேல்லை. நீ கதைச்சுக் கதைச்சு ஞாபகப்படுத்திப்போடாதை."