அப்பாவின் முழங்கையில் அண்ணனின் காலுறை

எங்கள் வீட்டில் டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டவர்கள் யாரும் கிடையாது. இருந்தும் நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், புரட்டாசியில், அப்பாவுக்கு டென்னிஸ் எல்போ என்கிற முழங்கை வலி வந்தது. பாளையங்கோட்டையில் எலும்பு டாக்டர் அந்தப் பேரைச் சொன்னதும் அம்மா பதறிவிட்டாள். "இவுக அந்தப் பக்கமே போனதில்லையே சார்" என்று அப்பாவுக்காக வாதாடினாள். டாக்டர் சிரித்துக்கொண்டே, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அப்பாவைக் கேட்டார். அப்பா வாயால் சொல்லாமல் வலது கையை முன்னால் ஒரு வீசு வீசிக் காட்டினார். வீசிய வேகத்தில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு "யம்மா" என்று நாற்காலியிலேயே சுருண்டார். இதேதான் சார் அது என்றார் டாக்டர்.

அப்பாவுக்கு டவுணில், ரதவீதி ஜவுளிக்கடை ஒன்றின் மாடியில், பட்டுப் பிரிவில் வேலை. வெள்ளைத்துணி விரித்த மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாள் முழுக்கச் சேலையை விரித்துக் காட்ட வேண்டும். கரையைப் பிடித்து மணிக்கட்டைச் சுண்டினால் போதும், மடிப்பெல்லாம் தானாகப் பிரிந்துபோய், முந்தி சரியாக எதிரே இருக்கிற அம்மாளின் மடியில் விழும். அந்தச் சுண்டு சுண்டுகிறதற்குக் கை மட்டும் போதாது, வாயும் வேண்டும் என்பார் அப்பா. வாய் அவருக்கு நிறையவே இருந்தது.

அந்த வாயினால்தான் அவருக்கு முதல் இடம் கிடைத்தது. முதல் இடம் என்றால், படியேறி வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடம். கல்யாணப் பட்டெடுக்க வருகிற கூட்டம் அங்கேதான் உட்காரும். அப்பாவுக்கு முன்னால் அதில் இருந்தவர் களக்காட்டு அண்ணாச்சி. தினமும் களக்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர், அப்பாவைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். கை தங்கமான கை, ஆனால் பேசவே மாட்டார். முதலாளி ஒருநாள் அவரை இரண்டாவது இடத்துக்கு நகரச் சொல்லிவிட்டு அப்பாவை முதலில் உட்கார வைத்துவிட்டார். அப்பா ராத்திரிச் சாப்பாட்டின்போது அவரைப் போலவே வாயை இறுக்கி மூடிக்கொண்டு சேலை விரித்துக் காட்டுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

இப்போது அப்பாவால் காபி டம்ளரைத் தூக்க முடியவில்லை. ஈரத் துண்டைப் பிழிய முடியவில்லை. தீபாவளி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கை ஓய்ந்தவர்களை முதலாளி கீழ்த்தளத்துக்கு, துண்டும் லுங்கியும் விற்கிற இடத்துக்கு அனுப்பிவிடுவார். அப்படிக் கீழே போனவர்கள் யாரும் திரும்ப மேலே வந்ததில்லை. அப்பா அதை எங்களிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னார். வீடு இருக்கிற அகலத்துக்கு எல்லாமே எல்லோருக்கும் கேட்கும்.

டாக்டர் எங்களைப் பக்கத்து அறையில் இருந்த பிசியோதெரபி அக்காவிடம் அனுப்பினார். அந்த அக்கா பொறுமையாகச் சொன்னாள். இந்த வேலையைக் கொஞ்ச நாளைக்கு விட வேண்டும். எதைத் தூக்கினாலும் உள்ளங்கை மேலே பார்க்கிற மாதிரித் தூக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு தினமும் மணிக்கட்டுக்குப் பயிற்சி செய்ய வேண்டும். கடைசியில் போகிற போக்கில், "முழங்கையை அழுத்திப் பிடிக்கிற ஸ்லீவ்னு ஒண்ணு இருக்கு. வேணும்னா போட்டுக்கலாம். கொஞ்சம் சூடா, இதமா இருக்கும். ஆனா அதுவே குணமாக்கிடும்னு நெனைக்காதீங்க" என்றாள்.

அவள் சொன்னதில் எங்கள் வீடு வரை வந்து சேர்ந்தது அந்த ஸ்லீவ் ஒன்றுதான். வேலையை விட முடியாது, பயிற்சிக்கு நேரம் கிடையாது, உள்ளங்கையை மேலே வைத்துக்கொண்டு யார் சேலை விரிப்பது? அண்ணன் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய்க் கறுப்பு நிறத்தில் ஒன்று வாங்கி வந்தான். அப்பா அதை 'உறை' என்றார். முழுக்கைச் சட்டைக்குள்ளே போட்டுக்கொண்டால் முதலாளிக்குத் தெரியாது. ஒரு வாரம் போட்டார். வலி அப்படியே இருந்தது. "உறை இன்னும் கைக்குப் பழகல" என்றார் அப்பா. அவருக்கு அதன் மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

ஐப்பசி பிறப்பதற்கு முந்தின நாள் விடாத மழை. அம்மா துவைத்துப் போட்ட உறை சாயங்காலம் வரை காயவே இல்லை. காலையில் அப்பாவுக்கு வேண்டுமே என்று, நல்ல பிள்ளையாக, யாரும் சொல்லாமலே நான் இஸ்திரிப் பெட்டியைச் சுட வைத்தேன். வைத்து ஒரு இழுப்புதான். உறை உருகிப் பெட்டியில் அப்பிக்கொண்டது. அப்பாவின் கையையே சுட்டுவிட்டதாகத்தான் நினைத்தேன். லுங்கிக் கட்டுகளுக்கு நடுவே அப்பா உட்கார்ந்திருப்பது கண் முன்னால் வந்தது. அழுவதற்குக்கூட நேரமில்லை. அண்ணனுடைய ஃபுட்பால் ஸ்டாக்கிங்ஸில் ஒன்றை எடுத்துப் பாதத்தை வெட்டி எறிந்தேன், விளிம்பை மடித்துத் தைத்தேன். அதுவும் கறுப்பு, இதுவும் கறுப்பு.

காலையில் அப்பா அதை மாட்டிக்கொண்டு மூக்கைச் சுளித்தார்.

"என்னட்டி இது, ஒரு மாதிரி வாடை அடிக்கு?"

"மழையில காயலப்பா, அதான்" என்றேன்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் நடந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ராத்திரி அப்பா வந்ததும் நான் தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைக் கையை மடித்து, உறையைத் தடவிக் கொடுத்தார். "பாத்தியா? இன்னிக்கு வலி ஒரு பொட்டு கொறஞ்சிருக்கு. இப்பந்தான் பழகியிருக்கு" என்றார் அம்மாவிடம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் முன்னேற்றம்தான். ஒரு வாரத்தில் டம்ளரைத் தூக்கினார். அடுத்த வாரம் துண்டைப் பிழிந்தார். தெருவில் யார் கை வலி என்றாலும் கூப்பிட்டுச் சட்டையை மடித்து, "இழுத்துப் பாரும்வே, எப்படிப் பிடிக்கு பாத்தீரா" என்று காட்டினார். அண்ணன் ஒற்றைக் காலுறையை வைத்துக்கொண்டு வீட்டையே தலைகீழாகப் புரட்டினான். "பொருளை வச்ச எடத்துல வைக்கத் தெரியல, ஒனக்கெல்லாம் எதுக்குலே பந்து?" என்று அவனைத் திட்டியவர் அப்பாதான், அதுவும் அந்தக் காலுறையை மாட்டிக்கொண்டே. நான் கொல்லைப்புறம் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எனக்குள்ளே ஒரு டாக்டரம்மா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, துணி எடுக்க எங்களை அம்மா கடைக்குக் கூட்டிப் போனாள். தச்சநல்லூரிலிருந்து டவுண் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், மாடியேறினால் ஒரே தலைகளாகத் தெரிந்தது. முதல் இடத்தில் அப்பா ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் சும்மா கிடந்தது. வாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "அந்த மயில்கழுத்தைப் பாருங்கம்மா, ஒங்க மகளுக்குன்னே நெய்தது" என்று அவர் சொன்ன மாத்திரத்தில், பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்த நரைத்த தலைக்காரர் ஒருவர் மயில்கழுத்து நீலத்தை எடுத்துச் சுண்டினார். சேலை அலுங்காமல் குலுங்காமல் போய் அந்த அம்மாளின் மடியில் விழுந்தது. அவர்தான் களக்காட்டு அண்ணாச்சி என்று அம்மா என் காதில் சொன்னாள்.

படியில் முதலாளியின் செருமல் கேட்டது. உடனே அண்ணாச்சி சறுக்கினாற்போல இரண்டாவது இடத்துக்குப் போய்விட்டார். அப்பா ஒரு சேலையைக் கையில் எடுத்து, இதோ விரிக்கப் போகிறேன் என்கிற மாதிரி வைத்துக்கொண்டார். முதலாளி அந்தப் பக்கம் போனதும் அண்ணாச்சி மறுபடியும் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெரியவர்கள் இப்படியெல்லாம் விளையாடுவார்களா என்று எனக்கு ஒரே வேடிக்கை. அதைவிடப் பெருமை. கூட்டம் கொஞ்சம் விலகியதும் நேரே அவரிடம் போய், "நீங்க எங்கப்பாவுக்கு அசிஸ்டெண்டா?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா தலையைக் குனிந்து, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த சேலையை மறுபடியும் மடித்தார். அண்ணாச்சி மட்டும் சிரித்தார். "ஆமா தாயி. ஒங்கப்பாவுக்கு வாய் இருக்கு, நமக்குக் கைதான இருக்கு. வச்சுக்கிட்டு சும்மா என்ன செய்ய?" என்றார். பேசவே மாட்டார் என்று அப்பா சொன்னது சுத்தப் பொய் என்று தோன்றியது எனக்கு. திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு அம்மாளிடம்கூட, எங்கப்பாவுக்கு இப்போது ஆள் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

தீபாவளிக்கு மறுநாள் அப்பாவுக்கு லீவு. காலையில் அவர் வலது கையாலேயே தோசையைப் பிய்த்துச் சாப்பிட்டுவிட்டு, கையை நீட்டி மடக்கி, "முக்கால்வாசி போயிட்டு. எல்லாம் இந்த உறை செஞ்ச வேலை" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. குணமாக்கினவள் நான், பேர் மட்டும் உறைக்கா? இனிமேல் அடி விழாது, பரிசுகூடக் கிடைக்கலாம் என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அண்ணன் "ஏட்டி!" என்று என்னைத் துரத்தினான். அப்பா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்டாக்கிங்ஸைக் கழற்றி மோந்து பார்த்தார், மறுபடியும் சிரித்தார். பிறகு, "ஏட்டி, என்னைக்கு மாத்துன?" என்று கேட்டார்.

"ஐப்பசி பொறந்த அன்னைக்கு."

அப்பாவின் சிரிப்பு பையக் குறைந்து நின்றுவிட்டது. அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "அன்னைக்குத்தான் அண்ணாச்சி மொத மொதல்ல பக்கத்துல வந்து ஒக்காந்தாரு. அதுக்கு முந்தின நாள் எங் கையிலருந்து சேலை நழுவி விழுந்துட்டு. முதலாளி பாக்கல, இவரு பாத்துட்டாரு." காலுறையைச் சுருட்டிக்கொண்டே, "தெனமும் கடை பூட்டுத நேரத்துல, 'அண்ணாச்சி, உறை நல்லா வேலை செய்யுது'ன்னு அவருகிட்டயே சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். அவரும் 'ஆமா தம்பி, நல்ல உறை'ன்னாரு" என்றார்.

அம்மா பெரிய தூக்குச்சட்டியை எடுத்து முந்திரிக்கொத்தும் முறுக்குமாக அடுக்கினாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, அதையும் எடுத்துக்கொண்டு களக்காட்டு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். அவர் முகம் அப்படி ஆனது என் மேல் கோபத்தால்தான் என்றும், நல்ல உறை எங்கே கிடைக்கும் என்று அண்ணாச்சியிடம் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போகிறார் என்றும் நான் முடிவு கட்டினேன். தெரு முனை திரும்புவதற்குள் வாசலுக்கு ஓடி, "அப்பா, அளவு பாத்து வாங்கிட்டு வாங்க!" என்று கத்தினேன்.