பொடியக்கா விட்ட ஒரு சொட்டு

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் 'பொடியக்கா'தான். யார் என்ன படிகம் செய்து கொண்டுவந்தாலும் அதைக் கல்வத்தில் அரைத்து, கண்ணாடித் தட்டில் பரப்பி, எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் வைப்பது பத்தொன்பது வருடமாக அவள் வேலை. வாய் கொஞ்சம் நீளம், ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒரு குப்பி மாறியது கிடையாது.

அப்பேர்ப்பட்டவள் தலையில்தான் பழி விழுந்தது. ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி இரும்பை வைத்து ஓர் ஆரஞ்சுப் பொடி செய்திருந்தாள். இரும்பு அணுக்கள் முடிச்சு, கரிம மூலக்கூறுகள் குச்சி. கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரிதான், ஆனால் கண்ணுக்கே தெரியாத அளவு; உள்ளே அத்தனையும் வெற்றிடம். ஒரே பொடி என்றால் எக்ஸ்ரேயில் ஒரே கோட்டுப் படம்தான் வரவேண்டும். அந்தப் பொடி காலையில் ஒரு படம் தந்தது, மதியம் வேறு படம் தந்தது.

"குப்பிய மாத்தி வச்சிட்டீங்கக்கா."

"நானா? பத்தொன்பது வருஷத்துல ஒருத்தர் சொல்லட்டும்டி, பாப்போம்!"

சத்தம் கேட்டுப் பேராசிரியர் வந்தார். "நாளைக்குள்ள காரணம் தெரியலேன்னா மெஷின் ரூம் சாவிய வேற ஆள்கிட்ட குடுத்துடுங்கம்மா" என்றார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அன்று வீட்டுக்குப் போனதும் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"சாவிதானே, போனாப் போகுது" என்றார் கணவர்.

"சாவியா போகுது? என் பேருல்ல போகுது!" என்று அழுதேவிட்டாள்.

மறுநாள் காலை அந்தப் பெண்ணையும் பேராசிரியரையும் பக்கத்தில் நிற்கவைத்தே அரைத்தாள், பரப்பினாள். பொடி பறக்காமல் ஒட்டிக்கொள்ள, வழக்கம்போல் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டாள்.

"ஐயோ, இது என்னக்கா?"

"எல்லாப் பொடிக்கும் விடறதுதான். காலையில கூட்டம், ஈரத்தோட உள்ள வச்சிடுவேன். மதியம்னா நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள காஞ்சி..." சொல்லும்போதே அவளுக்குச் சுருக்கென்றது. வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. "சார், தப்பு என் கையிலதான் இருக்கும்போல. தட்ட எடுக்காம திரும்பத் திரும்ப ஓட்டிப் பாப்போம்."

ஓட்டினார்கள். திரையில் காலைப் படம் எழுந்தது. பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. தட்டை யாரும் தொடவில்லை, ஆனால் கோடுகள் இடம் பெயர்ந்திருந்தன! ஈரம் போகப் போக ஒவ்வொன்றும் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் மதியப் படமாகவே வந்து நின்றது. அடேயப்பா!

"ஈரத்தக் குடிச்சா விரியுது, காஞ்சா மடங்குது" என்று மெதுவாகச் சொன்னார் பேராசிரியர். "பருமன் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு மாறுது. ஆனா ஒரு பிணைப்புகூட அறுந்துபோகல."

"இரும்பா சார்? இரும்பா இப்படி மூச்சு விடுது?" என்றாள் பொடியக்கா.

ஆராய்ச்சிக்காரப் பெண் அவள் கையைப் பிடித்து, "மன்னிச்சிடுங்கக்கா" என்றாள். பேராசிரியரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்மா" என்றார்.

பொடியக்கா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சாவிய யாரு வேணா வச்சுக்கோங்க சார். இன்னொரு சொட்டு விடட்டுமா? மறுபடி விரியுதான்னு பாக்கணும்."