சிஸ்டரின் பையில் தொண்ணூற்று நான்கு குண்டுகள்

சாகப்போகிற ஒருத்திக்குப் பையிலிருந்த மருந்தை எடுத்துக் கொடுக்காத குடும்பம் எங்களுடையது. அவள் டிவிப் பெட்டிக்குள் இருந்தாள் என்பதால் தெருவில் கெட்ட பெயர் வராமல் போயிற்று.

சிதம்பரத்தில் தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம் அது. நான் எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன். அம்மாவின் தம்பி, எங்கள் நெல்லிக்குப்பத்து மாமா, டிப்ளமோ படித்துவிட்டு எங்கள் வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் தேடினார். ஒருவழியாக மஸ்கட்டில் ஒரு வேலை கிடைத்து, விசாவுக்காகக் காத்திருந்த அந்தக் கோடை விடுமுறையில், அண்ணாமலை நகரில் இருந்த நண்பனிடம் ஒரு வீடியோ கேம் பெட்டியை இரவல் வாங்கி வந்தார். விமானம் ஏறப் போகும் நாளில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் ஆட்டத்தை முடித்தாக வேண்டும். எனக்கு அந்த விடுமுறையில் வேறு லட்சியம் எதுவும் இருக்கவில்லை.

ஆட்டம் இதுதான். பூட்டிப் போட்ட ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குள் ஒரு நர்ஸ் மாட்டிக்கொள்கிறாள். செத்துப்போன நோயாளிகள் எழுந்து வராந்தாவில் உலாத்துகிறார்கள். அவள் உயிரோடு வெளியே வர வேண்டும். நாங்கள் அவளை மரியாதையாக சிஸ்டர் என்று அழைத்தோம். சிஸ்டருக்கு ஒரு துப்பாக்கி, ஒரு கத்தி, ஒரு பை. குண்டுகளும் மருந்து பாட்டில்களும் அபூர்வமாகத்தான் கிடைக்கும். ஆடிய வரைக்கும் பதிவு செய்ய வேண்டுமென்றால் அதற்கென்று இருக்கும் சில அறைகளில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்ற வேண்டும். மெழுகுவர்த்தியும் அபூர்வம்.

கட்டுப்பாட்டுக் கருவி மாமா கையில். பையின் பொறுப்பு என்னுடையது. பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பு எழுதுவேன். மாமாவின் கொள்கை மிக எளிமையானது: சுடக்கூடாது.

“எதுக்குடி சுடணும்? செவுத்தோரமா நில்லு. அது அந்தப் பக்கம் திரும்புனதும் நைசா போயிட்டே இரு. குண்டு மிச்சம்.”

சிஸ்டர் ஒரு காலை இழுத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, திரையெல்லாம் சிவக்க நடப்பாள். பையில் பதினோரு பாட்டில் மருந்து இருக்கும். “நடக்கறா இல்ல? அப்புறம் எதுக்கு மருந்து?” என்பார் மாமா. எங்கள் வீட்டு வழக்கமே அதுதான். காய்ச்சலில் ஒருவர் தானாக எழுந்து பல் தேய்த்துவிட்டால் அவருக்கு டாக்டர் தேவையில்லை. எனவே எனக்கு அதில் ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. எண்ணிக்கை ஏற ஏற நோட்டைப் பார்த்துப் பூரித்துப்போனேன். சிஸ்டர் சாகக் கிடந்தாள். நிர்வாகம் செழிப்பாக இருந்தது.

செவுத்தோரமாக நழுவும் இந்தக் கலையை மாமா வீட்டிலும் இடைவிடாமல் பயிற்சி செய்தார் என்றே நம்பினேன். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மே மாதம் முழுக்க வீட்டில்தான் உலாத்துவார். கூடம், வாசல், தண்ணீர்ப் பானை, மறுபடி கூடம். மாமா கதவோரம் நின்று செருப்புச் சத்தத்தைக் கேட்பார். சத்தம் வாசல் பக்கம் போனதும் சமையலறைக்குள் நழுவி, ஒரு தட்டு சோற்றை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துவிடுவார். இரண்டாவது முறை சோறு கேட்டு நான் பார்த்ததில்லை. எப்போதாவது கணக்குத் தவறி நேருக்கு நேர் மாட்டிக்கொள்வதும் உண்டு.

“என்னா மாப்ள, விசா என்னா ஆச்சு?”

“வந்துரும் மச்சான்.”

“வந்துரும் வந்துரும்னு ரெண்டு வருசமாச்சு. பொறுப்பு வேணும்யா மனுசனுக்கு.”

விசா வந்தது. கிளம்பும் நாளும் வந்தது. ஒன்றரை மணிக்கு மாமா பஸ் ஏற வேண்டும். பன்னிரண்டுக்குக் கரண்ட் போய்விடும். காலையில் குளித்து, புதுச் சட்டையில் குங்குமமும் விபூதியும் சிதறியிருக்க, மாமா டிவி முன்னால் உட்கார்ந்தார். பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரியின் கடைசிக் கதவு திறந்தது. அதன் பின்னால் எட்டுக் கையோடு பெரிய டாக்டர் நின்றுகொண்டிருந்தார்.

“மாமா, இப்பவாச்சும் சுடுங்க!”

“இருடி. மொதல்ல கத்தியால பாப்போம். இதான் கடைசின்னு நமக்கு யார் சொன்னா? இதுக்கப்புறம் இன்னொன்னு வந்துச்சுன்னா?”

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சிஸ்டர் கத்தியோடு போனாள். பெரிய டாக்டர் அவளை அதிக நேரம் காக்க வைக்கவில்லை.

செத்தவர்களின் பையைத் திறந்து காட்டுவது அந்த ஆட்டத்தின் குரூரமான பழக்கம். குண்டு தொண்ணூற்று நான்கு. மருந்து பதினொன்று. மெழுகுவர்த்தி ஒன்பது. ஊறுகாய் பாட்டிலுக்குத் துணி கட்டிக்கொண்டே வந்த அம்மா, திரையில் இருந்த படங்களையும் எண்களையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இவ்ளோ வச்சிருந்துமா செத்தா?”

 மெழுகுவர்த்தியை மிச்சம் பிடித்ததால் கடைசியாகப் பதிவு செய்தது முந்தின நாள் காலை. அங்கேயிருந்து பெரிய டாக்டரிடம் போய்ச் சேர ஒரு மணி நேரமாகும். கையில் இருந்தது இருபத்தைந்து நிமிஷம். கணக்கு வாத்தியார் மகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 

மாமா பழைய பதிவைத் திறந்தார். அதே வராந்தா, பையில் அதே தொண்ணூற்று நான்கு. தூரத்தில் ஒரு பிணம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. எங்கள் கொள்கைப்படி சத்தமில்லாமல் தாண்டிப் போக வேண்டியது. மாமா எழுந்து போய் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். நாற்பது நாளாக இரண்டு கோட்டுக்கு மேல் ஏறாத சத்தம் கடைசிவரை ஏறியது. திரும்பி வந்து உட்கார்ந்து, அந்தப் பிணத்தைச் சுட்டார்.

“மாமா! வேஸ்ட்டு!”

இன்னொன்றைச் சுட்டார். கீழே விழுந்ததை மறுபடியும் சுட்டார். கீறல்கூடப் படாத சிஸ்டருக்கு ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். ஜன்னலைச் சுட்டார். ஆஸ்பத்திரியில் சும்மா கிடந்த ஒரு சக்கர நாற்காலியைச் சுட்டார். நான் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “எம்பத்தாறு, எம்பத்தஞ்சு, ஐயோ” என்று கதறிக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு அப்பா வந்து நின்றார். அப்பா கூடத்துக்குள் வந்தால் மாமா எழுந்து நின்றுவிடுவார், அதுவரை அப்படித்தான். அன்று எழவில்லை.

“என்னா மாப்ள, சத்தம் ஜாஸ்தியா இருக்கு?”

“பத்து நிமிசம் மச்சான். குண்டு தீந்துரும்.”

அப்பா இன்னும் ஓரடி உள்ளே வந்தார். மாமாவின் முதுகையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “அந்த மூலையில, பீரோ பக்கத்துல ஒன்னு நிக்கிது பாரு” என்றார். மாமா அதைச் சுட்டார். “ஆங்” என்றார் அப்பா, சரியான விடைக்குச் சொல்வது போல.

மூன்று குண்டு பாக்கி இருக்கும்போது கரண்ட் போயிற்று.

நண்பனிடம் சேர்க்க வேண்டிய வீடியோ கேம் பெட்டியையும் எடுத்துக்கொண்டு எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார்கள். நான் வரமாட்டேன் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்பது நாள் சேமித்ததை ஒருவர் இருபத்தைந்து நிமிஷத்தில் அழித்துவிட்டு, அவருக்கு டாட்டா வேறு காட்ட வேண்டுமா? மாமாவின் துணிப் பெட்டியை அப்பா தன் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார். மாமா வெறுங்கையோடு நடுத்தெருவில் நின்று திரும்பிப் பார்த்தார்.

“வரலியாடி?”

“தொண்ணூத்தியோரு குண்டு மாமா!”

“எண்ணிட்டியா?” என்று கேட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டில் நான் கேட்டதே இல்லை. பொறுப்பில்லாத மனுஷன் என்று முடிவு கட்டி ஜன்னலைச் சாத்தினேன். அப்பா அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்ட அதே நாளில், அந்த வேலையை நான் ஏற்றுக்கொண்டேன்.