வெந்நீரில் போட்ட ஓடு

வெள்ளைத் துணிகளை வெந்நீரில் முக்கி எடுப்பது லாண்டரிக்காரரின் வேலை, இஸ்திரி போடுவது அவர் மனைவியின் வேலை என்றுதான் அந்த வீட்டில் வெகுகாலமாக நடந்து வந்தது. இப்போது இரண்டும் அவர் தலையில். கடையின் பின்பக்கம் சோப்புத் தண்ணீரில் வழுக்கியவள் வலது கையை ஊன்றி விழுந்துவிட்டாள். மணிக்கட்டு நொறுங்கி, அறுவைச் சிகிச்சை செய்து, உள்ளே தகடு வைத்துத் திருகி அனுப்பியிருந்தார்கள். தையல் பிரித்த பிறகு, முன்கையிலிருந்து உள்ளங்கை வரை ஏந்திப் பிடிக்கிற மாதிரி வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு ஸ்பிளின்ட்டை, தெரபிஸ்ட் பெண் அவள் கைமேலேயே வைத்து அழுத்தி வடிவம் கொடுத்து மாட்டிவிட்டாள். ஆமைக்கு ஓடு மாதிரி இருந்ததால் வீட்டில் அதற்கு ஓடு என்றே பெயர் விழுந்துவிட்டது. பயிற்சி செய்யும்போதும் குளிக்கும்போதும் மட்டும் கழற்றலாம்.

அன்று காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். கட்டில்மேல் கிடந்த ஓட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். வியர்வை ஊறிப் புளித்த வாடை. அழுக்கு என்று எது கண்ணில் பட்டாலும் வெந்நீரில் போட்டே பழகிய கை அவருடையது. யோசிக்கவே இல்லை. தலையணை உறைகளோடு அதையும் தொட்டியில் போட்டுவிட்டு, உறைகளை எல்லாம் அலசிப் பிழிந்த பின் அடியில் துழாவினார். நனைந்த தோல் மாதிரி ஏதோ ஒன்று கையோடு தொளதொளவென்று வந்தது.

தெரபிஸ்ட் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். "பச்சத் தண்ணில மட்டும் கழுவுங்க. சூடு பட்டா இளகிடும்." அந்த நேரம் அவர் வாடிக்கையாளர் ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டே அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றது. சட்டென்று அதைத் தன் வலது கையில் வைத்து, இடது கையால் சுற்றி அழுத்தி, இறுகும் வரை மூச்சுவிடாமல் நின்றார். இறுகியதும் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழையபடிதான் இருக்கிறது என்று தோன்றியது. அப்படித் தோன்ற வேண்டும் என்பதற்காகவே பார்த்தார் என்றும் சொல்லலாம்.

அவள் ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். அவரே மாட்டிப் பட்டைகளை ஒட்டினார்.

"கழுவி வச்சிட்டேன். நாத்தம் தாங்கல. எங்கயாவது குத்துதா?"

அவள் ஓட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "இல்ல" என்றாள்.

தெருவில் அவருக்குப் 'பண்ணிடலாம்' என்று பட்டப்பெயர். மைக்கறையா, பண்ணிடலாம். நாளைக்கே வேணுமா, பண்ணிடலாம். நல்ல மனுஷன்தான், ஒருவர் துணி இன்னொருவருக்கு மாறிப் போனதில்லை, மழைநாளிலும் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரே ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. சட்டை தீய்ந்தால் துணி மட்டம். பட்டன் உடைந்தால் தைத்தவன் சரியில்லை. சாயம் இறங்கினால் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான். மனைவி வழுக்கி விழுந்த சோப்புத் தண்ணீர்கூட அவர் கவிழ்த்துவிட்டுத் துடைக்காமல் போனதுதான். வலியில் முனகிக்கொண்டு தரையில் கிடந்தவளைத் தூக்கும்போது அவர் சொன்னது, "பாத்து வரக்கூடாதா?"

ஓட்டை வெந்நீரில் போட்ட இரண்டு மூன்று நாளில் அவளுடைய விரல்கள் உப்பத் தொடங்கின. காலையும் மாலையும் ஓட்டைக் கழற்றிவிட்டு, சொல்லிக்கொடுத்தபடி விரல்களை மடக்கி நீட்டுவாள். முன்பெல்லாம் விரல்நுனி உள்ளங்கையைத் தொட்டுவிடும். இப்போது தொடவில்லை. ஒவ்வொரு நாளும் நடுவில் இருக்கிற இடைவெளி அகலமாகிக்கொண்டே போவதை, துணி மடிக்கிற சாக்கில் அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவருக்கு வீட்டுக்குள்ளேயே பயமாக இருந்தது.

மாலையில் அவளுடைய தம்பி வந்து படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக் கொடுப்பான். மச்சான் தேய்த்து வைத்திருந்த சட்டைகளைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்புத் தாங்காது.

"மச்சான், இத தேச்சீங்களா, இல்ல இதுமேல படுத்துத் தூங்குனீங்களா?"

"உங்க அக்கா கைய ஒடச்சிக்கிட்டா, நான் என்னடா பண்றது?"

"ஒடச்சிக்கிட்டாளாம்! வேணும்னே போய் விழுந்த மாதிரி." அக்காவின் பக்கம் திரும்பியவன் சிரிப்பை நிறுத்தினான். "அக்கா, கையக் காட்டு. போன வாரம் இதவிட நல்லா மடங்குச்சே?"

அவர்தான் முந்திக்கொண்டார். "வீக்கம்டா. வடிஞ்சா சரியாயிடும்."

"வடியிற மாதிரியா தெரியுது? டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"எல்லாம் எங்களுக்குத் தெரியும். நீ விரிப்பப் பாரு, கருகப் போகுது."

மறுநாள் மதியம் கடையில் யாரும் இல்லாத நேரம். துணி மூட்டையோடு உள்ளே வந்த லாண்டரிக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் மேஜை முன்னால் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். ஓடு ஒரு பக்கம் கிடந்தது. ஆறிப்போன இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடிமேல் விரல்களை வைத்து மூடப் பார்த்தாள். பாதியில் நின்றன. இடது கையால் அவற்றை ஒவ்வொன்றாக அழுத்தி வளைத்தாள். விட்டதும் கம்பிச்சுருள் மாதிரி நிமிர்ந்துகொண்டன. மறுபடியும் அழுத்தினாள். அந்தக் கடையே அந்தக் கைப்பிடியைப் பிடித்துத்தான் நின்றது. சுருக்கம் எடுக்க யாராலும் முடியும். ஆனால், காலரை நிமிர்த்தி, மடிப்பை நூல் பிடித்த மாதிரி விழவைத்து, 'அந்த அம்மா கைபட்டாத்தான் போட்டுக்குவேன்' என்று ஆட்களைத் தேடி வரவைத்தது அவள்தான்.

அவர் சத்தமில்லாமல் பின்வாங்கி, வெளியே போய், இருமிவிட்டு உள்ளே வந்தார்.

"நாளைக்கே அந்தத் தெரபிப் பொண்ணப் பாத்துட்டு வந்துடலாமா?"

"அவங்க வரச்சொன்னது அடுத்த வாரம்."

"சும்மா ஒரு தடவ காட்டிட்டு வரலாம்."

"ஏன்?"

"வீக்கமா இருக்குல்ல."

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அவர் மூட்டை முடிச்சை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தார்.

தெரபிஸ்டின் அறை சிறியது. மேஜைமேல் பஞ்சுப் பந்துகள், மரக்குச்சிகள், மூலையில் வெந்நீர்த் தட்டு. ஓட்டைக் கழற்றியதுமே அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது.

"அக்கா, இது நான் பண்ணது இல்ல."

"நீங்க குடுத்ததுதான்மா."

"குடுத்தது நான்தான், இந்த வடிவம் என்னோடது இல்ல. இங்க பாருங்க." உள்ளங்கையின் குறுக்கே ஓடும் ரேகையைத் தொட்டுக் காட்டினாள். "இது இந்த ரேகைக்குக் கீழயே நிக்கணும். அப்பத்தான் விரல் அடி வரைக்கும் மடங்கும். இது மேல ஏறி விரல மடங்கவிடாமத் தடுத்துக்கிட்டிருக்கு. பயிற்சி செய்யிற நேரம் போக நாள் முழுக்கக் கட்டிப்போட்ட மாதிரி. மூட்டெல்லாம் இறுகிப்போச்சு." ஓட்டைத் திருப்பினாள். "இது வெந்நீர் பட்டிருக்கு. யார் இதச் செஞ்சது?"

அவர் கையில் இருந்த துணிப்பை சரசரத்தது. வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. இதோ சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"நான்தான்" என்றாள் அவள். "கழுவலாம்னு போட்டேன்."

"அவ்வளவு சொல்லி அனுப்புனேனே அக்கா! படிச்சுப் படிச்சுச் சொன்னேன். உங்க கை அக்கா இது, எனக்கா நஷ்டம்?"

"தப்புதான்மா."

திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். மனைவியின் பக்கவாட்டு முகம் தெரிந்தது. அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் நின்றபடி முழுக்கப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் ஒவ்வொரு விரலாகப் பிடித்து அடிமூட்டில் மெல்ல அழுத்தி வளைத்தாள். மனைவியின் நெற்றி வேர்த்தது. கண்ணிலிருந்து தானாக நீர் இறங்கியது. உதடு மட்டும் திறக்கவில்லை. பிறகு அந்தப் பெண் புதிய பிளாஸ்டிக் தகட்டை வெந்நீர்த் தட்டில் போட்டாள். அது தொளதொளவென்று இளகுவதைக் காண முடியாமல் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"முழுசா மடங்கும்ல?" என்று கிளம்பும்போது கேட்டார்.

"வாக்குக் குடுக்க முடியாது சார். எலும்பு நல்லாத்தான் கூடுது. விரல்தான் இப்ப பிரச்சன. இன்னும் ஒரு மாசத்துல எவ்வளவு வருதோ, அத வச்சித்தான் சொல்ல முடியும்."

வீட்டுக்கு வந்ததும் அவள் உட்கார்ந்து, இடது கையால் தலையணை உறைகளை மடிக்கத் தொடங்கினாள். அவர் நின்றார், உட்கார்ந்தார், எழுந்து மின்விசிறியைப் போட்டார்.

"வெந்நீர்ல போட்டது நான்" என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. "என் தப்பு."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. வெளிப்பக்கம் உங்க கட்டைவிரல் அழுந்துன பள்ளம் இருந்துச்சு. மாட்டும்போதே உள்ள குத்துச்சு."

கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சுமா அத இத்தன நாளு போட்டுக்கிட்டிருந்த? ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே தூக்கிக்கிட்டு ஓடியிருப்பேனே. உன் கைம்மா அது. ஏன் கேக்கல?"

அவள் கடைசி உறையை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். ஓரம் கோணியிருந்ததைத் தட்டி நேராக்கினாள். "கேட்டிருந்தா, 'பாத்து வச்சிருக்கக்கூடாதா'ன்னு என்னையேதான் கேட்டிருப்பீங்க" என்றாள். பிறகு புது ஓடு போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து, அவரைத் தாண்டி அடுத்த அறைக்குப் போனாள்.