நாக்கை நீட்டச் சொன்னார்கள்

போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில்தான் அதை முதலில் பார்த்தேன். செம்மண்டலத்து வீட்டில் காலையில் பல் துலக்கிவிட்டு ஸ்டீல் டங் கிளீனரால் நாக்கை வழித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் நாக்கின் இடது ஓரம் சிவப்பாக ஒரு திட்டு தெரிந்தது. அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு. வலி இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கன்னத்தில் புற்றுநோய் வந்த என் அப்பாவும் ஆறு மாதம், "வலி ஒண்ணும் இல்லம்மா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வழித்து வழித்து அதை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். காலையில் இரண்டு முறை, பள்ளி விட்டு வந்ததும் ஒரு முறை. திட்டு போகவில்லை, இடம் மாறியது. திங்கட்கிழமை ஓரத்தில் இருந்தது வியாழக்கிழமை நடுவுக்கு வந்துவிட்டது. பரவுகிறது என்றே முடிவு கட்டினேன். முதுநகர்ப் பள்ளியில் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது, நாக்கு பல்லில் படுகிற ஒவ்வொரு தடவையும் மனம் அங்கேயே போய் நின்றது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் எப்போதும் நற்கருணை அப்பத்தை நாக்கில் வாங்குகிறவள், சாமியார் பார்த்துவிடுவாரோ என்று கையை நீட்டி வாங்கினேன்.

கணவரிடம் சொல்லவில்லை. அவர் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். தூக்கமே அரைகுறை, அதில் இது வேறு எதற்கு என்று இருந்துவிட்டேன். ஒருநாள் காலையில் வாஷ்பேசினில் இருந்த ரத்தத்தை அவரே பார்த்துவிட்டார்.

"என்னா டீச்சர், ரத்தமா இருக்குது?" கேலிக்கு என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அன்று குரலில் கேலி இல்லை.

"நாக்குல என்னமோ இருக்குதுங்க."

"எத்தினி நாளா?"

"ஒரு மாசம் ஆவுது."

அவர் திட்டவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார். அங்கே அண்ணாமலை நகரில் இருக்கிற ஒரு பல் டாக்டரைப் பற்றி அவரோடு வேலை பார்க்கிறவர் சொல்லியிருந்தார். வழியெல்லாம், மகள் பிளஸ் டூ முடிக்கிறவரைக்குமாவது இருப்பேனா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே வந்தேன்.

டாக்டர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நாக்கைத் துணியால் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"எவ்ளோ அழுத்தி வழிக்கிறீங்க?"

நான் சொன்னேன்.

"இந்தத் திட்டு பாக்க மேப் மாதிரி இருக்கும், இடம் மாறிக்கிட்டே வரும், ஒண்ணும் பண்ணாது. ரத்தம் வந்தது நீங்க அழுத்தி வழிச்சதால. ஒரு நாளைக்கு ஒரு தடவ, லேசா வழிச்சாப் போதும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கணவர், "நல்லவேள" என்று சிரித்தார். டாக்டரின் பார்வை அவருடைய வாயில் நின்றது.

"சார், பாக்கு போடுவீங்களா?"

"நைட் ஷிப்ட்ல தூக்கம் வராம இருக்கறதுக்கு... கொஞ்சம்."

"சும்மா ஒரு நிமிஷம் உக்காருங்க."

நான் எழுந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் விடச் சொன்னார் டாக்டர். இரண்டுக்கு மேல் போகவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார். நுனி கீழுதட்டைத் தாண்டவில்லை.

அவர் பாக்கு போடுவது எனக்குத் தெரியும். குழம்பில் காரம் தாங்கவில்லை என்று சொன்னபோது அல்சர் என்று நினைத்து மோர் கரைத்துக் கொடுத்திருக்கிறேன். டங் கிளீனரை அவர் கையில் எடுத்தே ரொம்ப நாளாகியிருந்தது. கேட்டால், "பிரஷ்ஷாலயே தேய்ச்சிக்கறேன்" என்பார். ஒரு மாதமாக என் நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரே வீட்டில் இருந்தும் அவர் வாயை ஒரு தடவை கூடக் கவனிக்கவில்லை.

பாக்கு போட்டுப் போட்டுக் கன்னத்தின் உட்புறம் தோல் இறுகியிருந்தது; வாய் முழுசாகத் திறக்காததும் நாக்கு நீளாததும் அதனால்தான். அதில் ஒரு வெள்ளைத் தடிப்பும் இருந்தது. கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் அவருக்குக் குழைந்த சாதம் போட்டுவிட்டு, அவர் விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பிடிப் பாக்காத, சோறு எறங்கல" என்றார்.

முடிவு வாங்கப் போன அன்று கவரைப் பிரிக்க இரண்டு பேருக்குமே தைரியம் இல்லை. டாக்டரே பிரித்துப் படித்தார்.

"கேன்சர் இல்ல. ஆனா இப்பிடியே பாக்கு போட்டா நாளைக்கு என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

கணவர் அங்கேயே சட்டைப் பையிலிருந்த பாக்குப் பொட்டலத்தை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். விடுவது அத்தனை சுலபமாக இல்லை. நடுவில் இரண்டு தடவை வாங்கிப் போட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னார். இப்போது ஐந்து மாதமாகத் தொடவில்லை. வாய் நன்றாகத் திறக்க டாக்டர் சொன்ன பயிற்சியைக் காலையில் செய்கிறார்: ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, வாரத்துக்கு ஒரு குச்சி கூட்ட வேண்டும். காரம் இன்னும் சேரவில்லை. அவருக்குத் தனியாகக் குழம்பு வைக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்க் காட்டுகிறோம். டாக்டர் விளக்கை இழுத்து அவர் வாய்க்கு நேராகத் திருப்பும்போது, நான் சுவரிலிருக்கிற காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.