சேதத்தோடு வந்த வேகன்

சாமுவேல், ரூத்து, உங்கள் நைனா எழுதுகிறேன். ஜெபக் கூட்டத்தில் எழுந்து சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அதனால் ஆண்டவர் செய்ததை எழுதி வைக்கிறேன். சபையாரும் படிக்கட்டும்.

சுதந்திரம் வந்த மறு வருஷம், ஐப்பசி மழை. சாமுவேல், கொருக்குப்பேட்டை வீட்டில் நீ விளக்குச் சிமினியை உடைத்துவிட்டாய். நான் கயிற்றை எடுத்தேன். நீ ஓடவில்லை. அழவில்லை. நீயாகவே சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டி நின்றாய். ஏழு வயது உனக்கு.

ராயபுரத்தில் என் தகப்பனார் முன்னால் நானும் அப்படித்தான் நிற்பேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர் அவர். அவர் அடித்த தடம் இன்றும் என் முதுகில் இருக்கிறது. அவரைப் போல ஆகமாட்டேன் என்று சத்தியம் பண்ணினவன் நான். என் கையில் கயிறு!

கயிற்றைப் போட்டுவிட்டு முழங்காலில் விழுந்தேன். "பிதாவே" என்று ஆரம்பிக்க வாய் வரவில்லை. அந்த வார்த்தைக்கு எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான். பத்து நாள் ஜெபமே இல்லை. நான் உள்ளே வந்தால் நீங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்துவீர்கள். செத்தால் தேவலை என்றிருந்தது.

உங்கள் அம்மாதான் வழி சொன்னாள். ஒரு எழுத்தும் அறியாதவள்.

"இன்னாய்யா, வாயில வர்லன்னா எழுதிக் குடேன். நாள் பூரா யார்டுல எழுதிக்கினுதானே கீறே?"

"ஆண்டவருக்கு இன்னான்னு எழுதறது?"

"வேகனுக்கு இன்னா எழுதுவே? அத்த எழுது."

ரயில்வே கூட்ஸ் யார்டில் என் வேலை, வரும் சரக்கின் சேதம் எழுதுவது. வேகன் வந்ததும் கதவைத் திறந்து, எது உடைந்தது, எது நனைந்தது, எங்கே நடந்தது என்று எழுத வேண்டும். வரும்போதே இருந்த சேதத்தை எழுதாமல் அடுத்த ஊருக்கு அனுப்பினால் பழி நம் தலையில் விழும்.

அப்படியே எழுதினேன். தினம் வேலைக்குப் போகுமுன் ஒரு பக்கம். ஆறு வயதில் வாங்கின அடி. என் அம்மா செத்த அன்று, அழுததற்காக வாங்கின அடி. எழுதி உங்கள் அம்மாவிடம் கொடுப்பேன். அவள் தாளின்மேல் கை வைத்து ஆமென் சொல்லி, வேதப்புத்தகத்துக்குள் வைப்பாள். ஒருநாள் மூன்று பக்கம் ஆனது. "இன்னிக்கு கூட்சு வண்டி நீளமா கீதே!" என்றாள். அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டேன். இப்படிப்பட்டவளை எனக்குத் தந்தவரை எப்படித் துதித்தாலும் போதாது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு காலை. "எங்கே நடந்தது" என்று எழுத வந்தவன் பேனாவை நிறுத்தினேன். தகப்பனார் குளிக்கும்போது அவர் முதுகைப் பார்த்திருக்கிறேன். அதிலும் தழும்புகள். மூட்டை தூக்கினதால் வந்தவை என்று நினைத்திருந்தேன். மூட்டை அப்படிக் கோடு கோடாகக் கிழிக்காது. அவரும் சேதத்தோடு வந்தவர்தான். அவருக்கு எழுதத் தெரியாது. எழுதச் சொல்லவும் ஆளில்லை.

"பிதாவே" என்றேன். வந்தது. முழு ஜெபமும் வந்தது.

அப்புறம் நான் கயிற்றைத் தொடவில்லை. அதற்கு நீங்களே சாட்சி. சாமுவேல், மாசியில் நீ ஒரு பீங்கான் தட்டை உடைத்தாய். நேரே என்னிடம் வந்தாய். "நைனா, நான்தான் ஒட்ச்சிட்டேன்." சட்டையைத் தூக்கவில்லை. என் ஜெபத்துக்குப் பதில் அதுதான்.

பிள்ளைகளே, வாயில் வராததை அவருக்கு எழுதிக் கொடுங்கள். கோணல் எழுத்தையும் அவர் படிப்பார்.

தட்டு உடைந்த அந்த வாரம், யாரிடமும் சொல்லாமல் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். தகப்பனார் தலைமாட்டில் பேரில்லாத மரச்சிலுவை. பேர் எழுத மாட்டேன் என்று நின்றவன் நானே. சட்டைப் பையில், வேகன்மேல் குறி போடும் யார்டுச் சாக்கட்டி இருந்தது. அவர் பேரை எழுதினேன். மழை வந்தால் அழியும். மறுபடியும் போய் எழுதுவேன்.